மயக்கினீர் என்று எழுதலாமா

அழகர்மலை அடிவாரம்
4 அக்டோபர் 2023

சேசு துணை

அன்புள்ள ஆனி அக்காவுக்கு,

ஜெனி எழுதுகிறேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கழுத்து வலி விட்டதா? இங்கே மடத்தில் எல்லாரும் சுகம். மலையில் இரண்டு மழை பெய்ததில் குரங்குகள் கீழே இறங்கி வருவது குறைந்திருக்கிறது.

இந்த மாதம் ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். எங்கள் சபையை ஆரம்பித்த அன்னை இங்கிலீஷில் எழுதிவைத்த ஜெபங்களைத் தமிழில் கொண்டுவரும்படி மதர் என்னிடம் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேசுவதில்லை, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்போம் என்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தான். "உங்க அக்கா இங்கிலீஷ் டீச்சர்தானே, சந்தேகம் வந்தா எழுதிக் கேளு" என்றார். மாதம் ஒரு கடிதம் என்ற விதியில் எனக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். என்த்ரால். "ஆண்டவரே, நீர் என்னை என்த்ரால் செய்தீர்" என்று ஒரு ஜெபம் தொடங்குகிறது. இங்கே உள்ள அகராதியில் மயக்கு, வசப்படுத்து என்று போட்டிருக்கிறது. "ஆண்டவரே, நீர் என்னை மயக்கினீர்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். சமையல் பார்க்கும் வயதான சிஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, ஆண்டவரு என்ன மந்திரவாதியா?" என்று கேட்டார். வசப்படுத்தினீர் என்பது இன்னும் மோசம். நீ ஒரு சொல் சொல்.

வருகிற ஜூலை பதினாறாம் தேதி எனக்கு இறுதி வார்த்தைப்பாடு. அதன் பிறகு சாகும்வரை இந்த வீடுதான். அப்பாவிடம் சொல். காது கொடுக்க மாட்டார். இருந்தாலும் சொல்.

உன் தங்கை,
ஜெனி

*

செல்லூர், மதுரை
19 அக்டோபர் 2023

அன்புள்ள ஜெனிக்கு,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. உறையின்மேல் மடத்தில் உனக்கு வைத்த பெயரில், சகோதரி அமலி என்று எழுதியிருக்கிறேன். உள்ளே எழுத எனக்கு அந்தப் பெயர் வரவில்லை.

நான் சுகம். அப்பாவும் சுகம். காலாண்டுப் பரீட்சைத் தாள்கள் இன்னும் பாதி திருத்தாமல் கிடக்கின்றன. பக்கத்து வீட்டுக் காசிமாயன் அண்ணன் இன்னும் இரண்டு தறி போட்டிருக்கிறார். சுவரில் கை வைத்தால் அதிர்கிறது. பழகிவிட்டது.

என்த்ரால் என்றால் ஒருவரை வேறெங்கும் பார்க்கவிடாமல் தன் பக்கம் இழுத்து வைப்பது. நல்ல கதை கேட்கிற பிள்ளைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார்களே, அது. "கவர்ந்தீர்" என்று போடு. போதும்.

கழுத்து வலி அப்படியே இருக்கிறது. நன்றாகத் தூங்கினால் போகும் என்கிறார் டாக்டர்.

ஆனி

*

அழகர்மலை அடிவாரம்
5 நவம்பர் 2023

சேசு துணை

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? கல்லறைத் திருநாளில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாயா? அப்பாவும் வந்தாரா? இங்கே நாங்களும் இறந்தவர்களுக்காகப் பூசை வைத்தோம். அம்மா பெயரை நானே வாசித்தேன்.

போன மாதப் பார்வை நாளில் உன்னை எதிர்பார்த்தேன். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வேலையாக இருந்திருக்கும்.

"கவர்ந்தீர்" சரிவரவில்லை அக்கா. ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. வாசிக்கக் கேட்ட சிஸ்டர் ஒருவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். அன்னை அவ்வளவு லேசாக எழுதியிருக்க மாட்டார்.

எங்களுக்குக் காய்கறி கொண்டுவரும் ஒச்சாயி அக்கா தெரியுமல்லவா, வாசல் சுழல்பெட்டியில் கூடையை வைத்துவிட்டு முகம் தெரியாமலே பேசிக்கொண்டிருப்பாரே. அவரிடம் கேட்டேன். "எங்க அழகரு பேரே கள்ளழகருதான. பாத்தவுக மனச திருடிக்கிட்டுப் போயிருவாரு. அப்பறம் நாம எங்க போறது, வருசா வருசம் அவரு பின்னாடியே அலைய வேண்டியதுதான்" என்றார். திருடினீர் என்று எழுதலாமா என்று நினைத்தேன். மதர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உன் பள்ளிக்கூட நூலகத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா? வேர் தெரிந்தால் தமிழ் கிடைக்கும்.

அப்பாவுக்கு என் அன்பு.

ஜெனி

*

செல்லூர்
26 நவம்பர் 2023

ஜெனிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். உங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம்.

நூலகத்தில் பெரிய அகராதியைத் தூசி தட்டி எடுத்தேன். த்ரால் என்றால் அடிமை. வடகடல் பக்கத்து ஜனங்கள் பேசிய பழைய மொழியிலிருந்து இங்கிலீஷுக்குள் வந்த சொல். என்த்ரால் செய்வது என்றால் முதலில் அடிமையாக்குவதுதான். மயக்குவது, சொக்கவைப்பது என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அடிமை சந்தோஷமாகத்தான் இருக்கிறான் என்று யாரோ முடிவு செய்திருப்பார்கள்.

எடுத்த கையோடு மற்றதையும் பார்த்தேன். கேப்டிவேட் என்றால் சிறைபிடிப்பது. ஃபாசினேட் என்றால் சூனியம் வைப்பது. இங்கிலீஷ்காரனுக்கு ஒருத்தரை நல்ல விதமாகக் கவர வழியே கிடையாதுபோல.

நீ மடத்துக்குப் போன அன்று அப்பா உங்கள் வாசலில் நின்று, "எம்புள்ளைய மயக்கிட்டீங்க, வெளிய விடுங்க" என்று கத்தினார். ரோட்டில் போன பஸ் நின்று பார்த்தது. நான்தான் அவரை இழுத்து வந்தேன். படித்தவள், அவருக்குப் புரியவைக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அகராதியைப் பார்த்தால் அவர் சொன்னதில் என்ன தப்பு என்று தெரியவில்லை. உங்கள் அன்னையே எழுதிவைத்திருக்கிறார்.

கடிதங்களை மதர் பிரிப்பார், படிக்க மாட்டார் என்று சொல்வாய். படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

கல்லறைக்கு நான் மட்டும் போனேன். அப்பா சுகம்.

ஆனி

*

அழகர்மலை அடிவாரம்
27 டிசம்பர் 2023

சேசு துணை

அன்புள்ள அக்காவுக்கு,

பாலன் பிறந்த வாழ்த்துகள். குளிர்காற்று உனக்கு ஆகாது. காதைக் கட்டிக்கொண்டு போ.

திருவருகைக் காலத்தில் எங்களுக்குக் கடிதம் கிடையாது. உன் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் அன்றுதான் கொடுத்தார்கள். கேக் துண்டு ஒரு கையில், உன் கடிதம் ஒரு கையில். படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன்.

அடிமை என்கிறாய். மணி அடித்தால் எழுகிறேன். மணி அடித்தால் பேச்சை நிறுத்துகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் ஒரு சொல் தேடிக்கொண்டிருக்கிறேன். உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

நீ கோபமாக எழுதவில்லை என்று மட்டும் தெரிகிறது. கோபம் வந்தால் நீ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதுவாய். இது களைப்பு.

அக்கா, அப்பா சுகம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுகிறாய். அப்பா என்ன சொன்னார் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. முப்பது வருஷம் மேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓயாத மனிதர் அவர். என்னைத் திட்டியாவது எதையாவது சொல்லியிருப்பார். நீயும் அதை எழுதியிருப்பாய். அப்பாவுக்கு என்ன?

ஜெனி

*

செல்லூர்
21 ஜனவரி 2024

அன்புள்ள ஜெனிக்கு,

பொங்கல் கழிந்தது. நான் நலம். நீ?

உன் சொல்லுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் முத்துமீனாவிடம் ஆசிரியர் அறையில் பேச்சுவாக்கில் கேட்டேன். "சொக்கநாதர் ஊருல இருந்துக்கிட்டு இதுக்கா டீச்சர் அலையிறீக? ஆட்கொள்ளுனு இருக்கே" என்றார். பழைய தமிழில் ஆள் என்றால் அடிமை, ஏவல் செய்பவன். ஆட்கொள்வது என்றால் தன் அடிமையாக எடுத்துக்கொள்வது. சாமி மனுஷனை எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் அருள். நம் கோயில் ஜெபங்களிலேயே ஆட்கொண்டருளும் என்று வருகிறதே, அதே சொல். த்ராலும் ஆளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு ஊரிலும் அடிமை உள்ளே இருக்கிறான், யாருக்கும் தெரியவில்லை.

"ஆண்டவரே, நீர் என்னை ஆட்கொண்டீர்." எழுதிக்கொள். போன கடிதத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அப்பா சுகம்.

ஆனி

*

செல்லூர்
10 மார்ச் 2024

ஜெனி,

நீ பதில் எழுதவில்லை. தவக்காலத்திலும் உங்களுக்குக் கடிதம் கிடையாதுதான், ஆனால் அது பிப்ரவரி பாதியில்தான் தொடங்கியது. அதற்கு முன்பு எழுதியிருக்கலாம். நீ எழுதவில்லை. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை, நானும் பேசப்போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாய். சின்ன வயதிலும் இப்படித்தான்.

இந்தக் கடிதத்தை உனக்கு ஈஸ்டருக்குப் பிறகுதான் கொடுப்பார்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன். உடனே படித்துவிடுவாய் என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

அப்பா சுகமில்லை. போன வருஷம் மழைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் செருப்பை மறந்தார், பிறகு தெருவை மறந்தார். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பெரியார் பஸ் நிலையத்துக்கு நடந்தே போய், கிளம்பத் தயாராக இருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களிடம் டிக்கெட் கேட்டிருக்கிறார். முதலில் சிரித்திருக்கிறார்கள். அவர் விடாமல் கேட்டதும் யாரோ பிடித்துத் தள்ளிவிட்டார்கள். முட்டியில் ரத்தத்தோடு காசிமாயன் அண்ணன்தான் கூட்டிவந்தார். அன்றிலிருந்து வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன். அண்ணன் சம்சாரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறார். தறி ஓடுகிறவரை சமாளிக்கலாம், அந்தச் சத்தத்தில் அவருக்கு வண்டி ஓடுகிற நினைப்பு. கரண்ட் போய்த் தறி நின்றால் கத்த ஆரம்பித்துவிடுவார்.

குளிப்பாட்டும்போது அடிக்கிறார். கழுத்து வலி என்று எழுதினேனே, அது அதுதான். பிறகு அழுகிறார். நானும் சேர்ந்து அழுத காலம் போய்விட்டது, இப்போது துண்டை எடுத்துத் துவட்டுகிறேன், அவ்வளவுதான்.

என்னை அவருக்குத் தெரியவில்லை. வீட்டு வேலைக்கு வந்த ஆள் என்று நினைக்கிறார். "எந்த ஊரும்மா நீ? சம்பளம் ஒழுங்கா குடுக்காகளா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு உன்னைப் பற்றிச் சொல்கிறார். "எனக்கு ஒரு மக இருக்கு. அழகர்கோவில் பக்கத்துல மடத்துல சிஸ்டரா இருக்கு. அம்புட்டு நல்ல புள்ள" என்கிறார். உன்னை வெளியே விடச் சொல்லி வாசலில் கத்திய அதே வாயால். நான் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டு சோறு ஊட்டுகிறேன். என்னிடம் அவர் இரண்டாவது மகளைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார். மூத்தவள் ஒருத்தி உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

முதியோர் இல்லம் எதிலாவது சேர்க்கலாமா என்று ஷார்ஜாவுக்குப் போன் போட்டு தம்பி கிளமெண்டிடம் கேட்டேன். "அக்கா, ஹோம்ல விட்டா ஊரு காறித் துப்பும். வேணும்னா ஆள் போட்டுக்க" என்றான். இரண்டு ஆள் வந்தார்கள். இரண்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவன் முகம் காட்டுகிறான். அப்பா அதை டிவி என்று நினைத்துக்கொள்கிறார்.

நீ வேறு ஒருவருக்கு ஆள் ஆனாய். விரும்பி ஆனாய். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு இப்போது தூக்கம் வருகிறது. இத்தோடு விடுகிறேன்.

ஆனி

*

அழகர்மலை அடிவாரம்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு வாழ்த்து. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நீ உண்மையைச் சொல்ல மாட்டாய். ஆகவே கேட்கவில்லை.

கடிதத்தை நேற்றுக் கொடுத்தார்கள். தோட்டத்தில் நின்று படித்தேன். மதரிடம் போய்ப் படித்துப் பாருங்கள் என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீயே சொல்லு" என்றார். சொன்னேன். அவரும் அப்பாவைப் பறிகொடுத்தவர்தான்.

ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கித் தருகிறார். உன் பள்ளி விடுமுறை முடிகிறவரை நான் வீட்டில் இருக்கலாம். அதனால் என் வார்த்தைப்பாடு தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம். அதைப் பற்றி நீ நினைக்காதே.

ஜனவரியில் வேண்டுமென்றுதான் பதில் எழுதவில்லை. நீ சொன்னது சரி.

வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் இங்கே இருக்கிறேன். "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதாதே.

ஜெனி

*

செல்லூர்
6 ஏப்ரல் 2024

ஜெனி,

வா.

பத்தொன்பதாம் தேதி எனக்குத் தேர்தல் டூட்டி. அதற்கு முன் வந்தால் நல்லது. நான் பள்ளியில் இருந்தால் சாவி காசிமாயன் அண்ணன் வீட்டில் இருக்கும்.

ஆனி

*

போடிநாயக்கனூர்
8 மே 2024

அன்புள்ள ஜெனிக்கு,

நீயும் அப்பாவும் சாப்பிட்டீர்களா? நான் சுகமாக வந்து சேர்ந்தேன். முன்பு எங்கள் பள்ளியில் இருந்த பவதாரிணி டீச்சர் வீட்டு மாடி அறை. ஓய்வு பெற்ற பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். கீழே ஏலக்காய்க் கிட்டங்கி, வீடு முழுக்க அந்த வாசனைதான்.

காசிமாயன் அண்ணன் போனிலிருந்து நீ இரண்டு முறை கூப்பிட்டதைப் பார்த்தேன். வேண்டுமென்றே எடுக்கவில்லை. தயவு செய்து போன் செய்யாதே. உன் குரலுக்குப் பின்னால் அவர் குரல் கேட்கும். கேட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் கடிதம் எழுது. உனக்குத்தான் பழக்கமாயிற்றே.

வந்த நாளிலிருந்து தூங்குகிறேன். விழித்தால் மலை தெரிகிறது, மறுபடி தூங்குகிறேன். "டீச்சர், சாப்பிட மட்டும் எந்திரிங்க" என்று பவதாரிணி டீச்சர் வந்து எழுப்புகிறார். ஏன் தூங்குகிறாய் என்று கேட்கவில்லை. அவர் மாமியாரை வைத்துப் பார்த்தவர்.

அப்பாவை எப்படிக் குளிப்பாட்டுவது, எதைக் கொடுத்தால் மாத்திரை விழுங்குவார் என்றெல்லாம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நீயே கண்டுபிடி.

திரும்பி வருவதை நினைத்தால் கால் கனக்கிறது. இதை உன்னிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

ஆனி

*

செல்லூர்
26 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று படித்ததுதான் இந்த மாதத்தில் எனக்கு நடந்த நல்ல காரியம். இதை உட்கார்ந்து படி. பவதாரிணி டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

வந்த அன்றே அப்பா என் உடுப்பைப் பார்த்து "வாங்க சிஸ்டர்" என்று எழுந்து நின்றார். யாரோ ஒரு சிஸ்டர். மகள் இல்லை. அவர் உன்னிடம் சொன்ன அந்த மகள் இந்த வீட்டில் எங்குமே இல்லை அக்கா. நீ வயிறெரிய வேண்டாம். அவள் அவர் மனதில் உண்டாக்கிக்கொண்ட ஒருத்தி.

நீ போன பிறகு சாயங்காலம் ஆனால் என்னிடம் புகார் சொல்வார். "முன்னாடி ஒரு பொம்பள இருந்துச்சு சிஸ்டர். வேலை சுத்தம். அதட்டாது. எங்க போச்சுனு தெரியல. அதையே வரச் சொல்லுங்க" என்பார். லீவில் போயிருக்கிறது, வரும் என்பேன். "பாவம், வரட்டும்" என்பார். மறுபடி கேட்பார்.

மடத்தில் ஏழு வருஷம் பொறுமை பழகினேன் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வாரமே தீர்ந்துவிட்டது. ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டை என்மேல் எறிந்தார். நான் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. காசிமாயன் அண்ணன் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பயத்தில் பிடித்தாரா, அன்பில் பிடித்தாரா, தெரியவில்லை. விடவே இல்லை. கை வலித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் தோன்றியது. எது நல்லதாகப் பட்டாலும் நாம் பிடிச்சிருக்கு என்கிறோம். பேயும் பிடிக்கிறது, சீக்கும் பிடிக்கிறது, போலீசும் பிடிக்கிறது, பாட்டும் பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். நீ அகராதியில் கண்டதெல்லாம் நம் வாயிலேயே இருந்திருக்கிறது. "ஆண்டவரே, நீர் என்னைப் பிடித்துக்கொண்டீர்" என்று எழுதி மதருக்கு அனுப்பிவிட்டேன். ஆட்கொண்டீர் நல்ல சொல்தான். ஆனால் நீ அந்த மார்ச் கடிதத்தை எழுதிய பிறகு என்னால் அதை வாசிக்க முடியவில்லை.

இனி சொல்ல வேண்டியது. இதை ஒருத்தி தனியாகச் செய்ய முடியாது. உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. எனக்கு அன்பு போதவில்லை என்று சில நாள் அழுதேன். அன்பு இருக்கிறது, கைதான் போதவில்லை. மேலூர் தாண்டி சிஸ்டர்கள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. மறதி நோயாளிகளைப் பார்க்கப் பழகியவர்கள். போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. மரமெல்லாம் இருக்கிறது. நேற்று அப்பாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்.

உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நீ பஸ் ஏறி வந்திருப்பாய். கிளமெண்டையும் கேட்கவில்லை. சேர்த்த பிறகு போன் போட்டுச் சொன்னேன். கத்தினான். கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "வாரியா, வந்து பாத்துக்கிறியா?" என்றேன். வைத்துவிட்டான்.

காசிமாயன் அண்ணன் வேனில்தான் போனோம். அப்பா முன் ஸீட்டில் உட்கார்ந்தார். மாட்டுத்தாவணி தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, வழியில் ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒத்தக்கடையில் "எறங்குறவுக முன்னாடி வாங்க" என்றார். என் பெயர் தெரியாதவருக்கு அத்தனை ஊரும் தெரிந்திருந்தது. மேலூரில் "எல்லாம் எறங்குங்க, எறங்குங்க" என்றார். இல்லத்து வாசலில் வேன் நின்றது. நாங்கள் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. "கண்டக்டரு எறங்குனா வண்டிய யாரு பாக்குறது?" என்றார். அண்ணன் கதவருகே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் வந்து, "டீ குடிச்சிட்டுப் போகலாம் வாங்க சார்" என்றதும் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அவரைக் கொண்டுபோய் விட்டவள் நான். பாரத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். ஊரில் யாராவது கேட்டால், கோயில் வாசலில் யாராவது இழுத்து நிறுத்திக் கேட்டால், மடத்துக்குப் போனவள் செய்தாள், எனக்குத் தெரியாது என்று சொல். அது உண்மை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் உன்னைக் கேட்காமல் செய்தேன். நான் கம்பிக்குப் பின்னால் போய்விடுவேன், என்னை யாரும் கேட்க முடியாது. அந்தக் கம்பியால் உனக்கு ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும்.

வியாழக்கிழமை மடத்துக்குத் திரும்புகிறேன். இன்னும் அதே எண்ணம்தானா என்று மதர் கேட்டு எழுதியிருக்கிறார். ஆமாம் என்று எழுதினேன். முன்பு சொன்ன ஆமாம் மாதிரி லேசாக வரவில்லை. வார்த்தைப்பாடு தேதியை மாற்றவில்லையாம்.

வீட்டைக் கழுவிவிட்டு, சாவியை அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஜெனி

*

செல்லூர்
8 ஜூலை 2024

ஜெனிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஜூன் மாதம் முழுக்க உட்கார்ந்தேன். நான்கு கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் எண் போட்டிருந்தேன். எதையும் அனுப்பவில்லை.

அவர் என் அப்பா. நீ போன பிறகு அவரோடு இருந்தவள் நான். என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நல்லதற்குத்தான் செய்தாய் என்று முத்துமீனா சொல்கிறார், பவதாரிணி டீச்சர் சொல்கிறார், காசிமாயன் அண்ணனும் சொல்கிறார். எல்லாரும் சொல்வதால் அது எனக்கு லேசாகிவிடவில்லை. வந்து கதவைத் திறந்தபோது வீடு சுத்தமாக இருந்தது. அவர் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தாய். அதைப் பார்த்து எனக்கு உன்னை அடிக்கத் தோன்றியது.

மூன்று ஞாயிறாகப் போய்ப் பார்க்கிறேன். முகச்சவரம் செய்து, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. நான் யார் என்று கேட்கவில்லை. வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன், சாப்பிட்டார். முன்பெல்லாம் அவர் சாப்பிடும்போது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். நேற்று அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மேல்வாயில் இரண்டு பல் இல்லை. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் கேட்கிறது. நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் முடியவில்லை, சேர்த்துவிட்டோம் என்று சொன்னேன். கேட்டவர்களில் பாதிப் பேர் குரலைத் தணித்துக்கொண்டு இல்லத்தின் போன் நம்பர் கேட்டார்கள்.

தூங்குகிறேன். தூங்கி எழுந்ததும் குற்றம் செய்ததுபோல இருக்கிறது. பல் தேய்த்து முடிப்பதற்குள் அது போய்விடுகிறது. சில நாள் போவதில்லை.

பதினாறாம் தேதி வார்த்தைப்பாட்டுப் பூசையில், பெற்றவர் சார்பில் ஒருவர் நின்று உன்னைக் கொடுக்க வேண்டும் என்று மதர் எழுதியிருக்கிறார். பள்ளியில் லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே வந்து நிற்பேன். கொடுத்துவிட்டும் வருவேன். அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இனி ஒவ்வொரு பார்வை நாளும் வந்து, உன் கம்பிக்கு எதிரே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். நீயும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ஆனிமேரி